சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தூரமும் பயணக் காலமும்

'அந்த ஊர் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால், அதற்குக் காலத்தால் விடை கூறும் வழக்கம் தமிழில் பழமையானது. ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை 'நாழிகை வழி' என்றனர். நடப்பவன் கால் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்வது. ஆகவே காலத்தைச் சொன்னால் தூரமும் விளங்கிவிடும். தூரத்தைச் சொன்னால் காலமும் விளங்கிவிடும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களும் கடலின் அகலத்தை நாள்களாலேயே எண்ணினர்.

வானூர்தி வந்தபின் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. ஒரே இரு நகரங்களுக்கு இடையே போகும்போது ஒரு கால அளவும், திரும்பும்போது வேறோர் அளவும் ஆகின்றன. நெடிய வழியே சென்ற விமானம் குறுகிய வழியே சென்றதைவிட முன்னதாகச் சேர்வதும் உண்டு. இதன் காரணங்களை விளங்கிக்கொள்ளச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான வழியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இவ்விரண்டுக்கும் இடையே 2020 நவம்பரில் தொடங்கிய இடைநில்லாச் சேவை, தொடங்கிய நாளில் உலகின் மிக நீண்ட பயணிகள் சேவையாக விளங்கியது.

வரைபடம் காட்டும் வழி

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோல் கொண்டு இணைக்குமாறு ஒரு மாணவனிடம் சொன்னால், அவன் மேற்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுப்பான். வரைபடம் மெர்க்கேட்டர் முறையில் வரையப்பட்டதாயின், அக்கோடு சுமத்திராவைக் கடந்து, இலங்கையின் மீது சென்று, அரபிக்கடல், ஏமன், சூடான், சகாரா பாலைவனம் ஆகியவற்றைத் தாண்டி, அட்லாண்டிக் மாக்கடலைக் கடந்து நியூயார்க்கை அடையும். அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர்.

இந்தக் கோடு பார்வைக்கு நேராக இருக்கிறதே தவிர, உலகத்தின் மீது இது நேர்வழியன்று. 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் தம் வரைபடத்தை மாலுமிகளின் வசதிக்காக அமைத்தார். திசைகாட்டியின் முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு செல்லும் வழி அதில் நேர்கோடாகத் தெரியும். அந்த வசதிக்காக அவர் கொடுத்த விலை, துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெருத்துக் காணப்படுவது. உருண்டையான தோலை உரித்து மேசைமேல் பரப்பினால் எங்கேனும் கிழியும், அல்லது இழுபடும். தட்டையான எந்த உலகப் படமும் இக்குறைக்கு விலக்கன்று.

பெருவட்டம்

உருண்டை ஒன்றின்மேல் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி யாது? உருண்டையின் நடுப்புள்ளியையே தன் நடுப்புள்ளியாகக் கொண்ட வட்டம் பெருவட்டம் எனப்படும். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். எதிரெதிரான இரு தீர்க்க ரேகைகள் சேர்ந்தால் அதுவும் ஒரு பெருவட்டம். இரு ஊர்களின் வழியாகச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவ்விரு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று அட்டவணைகளில் அச்சிடப்படுவது பெரும்பாலும் இதுவே.

சிங்கப்பூர் – நியூயார்க் தூரத்தைக் கரும்பலகையிலேயே கணக்கிட்டுவிடலாம். அதற்கு உதவும் ஒரு நற்செயல் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. சாங்கி, கிரீன்விச்சுக்குக் கிழக்கே 103 பாகை 59 கலையில் உள்ளது. கென்னடி விமான நிலையம் மேற்கே 73 பாகை 47 கலையில் உள்ளது. இரண்டையும் கூட்டினால் 177 பாகை 46 கலை. அரை வட்டத்திற்கு 180 பாகை என்பதால், இவ்விரு ஊர்களும் உலக உருண்டையில் ஏறக்குறைய ஒன்றற்கொன்று நேர் எதிர்ப்புறத் தீர்க்க ரேகைகளில் இருக்கின்றன. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்குவழி கிழக்குமன்று, மேற்குமன்று. நேரே வடக்கே சென்று, துருவத்தின் அருகே உச்சியைத் தாண்டி, மறுபுறம் தெற்கே இறங்குவதே அது.

சாங்கியின் அட்சம் வடக்கே 1 பாகை 22 கலை. அங்கிருந்து வட துருவத்திற்கு 88 பாகை 38 கலை. கென்னடியின் அட்சம் 40 பாகை 38 கலை. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49 பாகை 22 கலை. இரண்டின் கூட்டுத்தொகை சரியாக 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346 கிலோமீட்டர் வரும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும், இரு தீர்க்க ரேகைகளும் முழு எதிர்ப்புறமாக இல்லாமையையும் கருத்திற்கொண்டு நுட்பமாகக் கணித்தோர் கூறும் தொகை 15,349 கிலோமீட்டர். கரும்பலகைக் கணக்குக்கும் அதற்கும் வேற்றுமை மூன்றே கிலோமீட்டர்.

சுவர்ப்படம் காட்டிய வழியைவிட இது 3,100 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. கோள உருண்டை ஒன்றும் ஒரு முழ நூலும் இருந்தால், இரு நகரங்களிலும் நூலை அழுத்திப் பிடித்து இறுக்கி, அது துருவத்தின் அருகே தானாக வழுக்கிச் சென்று நிற்பதை மாணவர்க்குக் காட்டலாம். கணக்கின்படி அந்நூல் துருவப் புள்ளியிலிருந்து 300 கிலோமீட்டருக்குள் செல்லும்.

உலகச் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே பூமியில் எந்த இரு ஊர்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தைவிட மிகுதியாக இருத்தல் இயலாது. அப்பேரெல்லையில் முக்கால் பங்கிற்கு மேல் இந்த ஒரே பயணத்தில் கடக்கப்படுகிறது.

காற்றின் கை

தூரம் 15,349 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணை 18 மணி 40 நிமிட அளவில் காட்டுகிறது. மிகுதி எங்கே போயிற்று?

முதற்காரணம், அட்டவணை கூறும் காலம் வானில் பறக்கும் காலம் மட்டுமன்று. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடிவரை உள்ள காலம் அது. ஓடுதளத்திற்கு ஊர்ந்து செல்வதும், உயரே ஏறுவதும், இறங்கும் முன் முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும்.

இரண்டாவது காரணம் காற்று. விமானத்தின் வேகம் என்று கூறப்படுவது அதனைச் சூழ்ந்த காற்றுக்கு எதிரான வேகம். காற்றே நகர்ந்தால், நிலத்தின்மேல் விமானம் செல்லும் வேகம் கூடும் அல்லது குறையும். ஆற்றோட்டத்தோடு செல்லும் படகுக்கும் எதிர்த்துச் செல்லும் படகுக்கும் உள்ள வேற்றுமையே இது. தரைக்கு மேல் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மிதவெப்ப மண்டலங்களின் மீது, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான தாரைக் காற்று ஓடுகிறது. ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனைக் கண்டறிந்தார். உலகம் படிக்கட்டும் என்று தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அம்மொழியைப் படிப்போர் சிலரே ஆகையால், அவர் கண்டது பெரிதும் கவனிக்கப்படாமல் போயிற்று. 1944-இல் ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அக்காற்றில் அகப்பட்ட பின்னரே அதன் வலிமை பலருக்கும் தெரிந்தது.

அதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். 6,000 கிலோமீட்டர் நீளப் பகுதி ஒன்றில் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொள்வோம். காற்றோடு செல்லும் விமானம் மணிக்கு 1,050 கிலோமீட்டர் வேகத்தில் 5 மணி 43 நிமிடத்தில் அதைக் கடக்கும். எதிர்த்துச் செல்லும் விமானம் 750 கிலோமீட்டர் வேகத்தில் 8 மணி நேரம் எடுக்கும். வேற்றுமை இரண்டு மணிக்கு மேல்.

இதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம், குறுகிய துருவ வழியை விட்டு, பல நாள்களில் வட பசிபிக் மாக்கடலின் மீது கிழக்கு நோக்கிச் சென்று காற்றின் துணையைப் பெறுகிறது. திரும்பும் விமானம் அன்றைய காற்றைப் பார்த்து அட்லாண்டிக் வழியையோ வடதிசை வழியையோ மேற்கொள்ளும். வழியைத் தீர்மானிப்பது வரைபடமன்று. அன்றைய வானிலை அறிக்கையே. தூரத்தால் நெடியது காலத்தால் குறுகியதாவது இவ்வாறுதான்.

மூடப்படும் வான்

காற்றையும் கணக்கையும் தவிர, வழியை வளைப்பது மற்றொன்றும் உண்டு. வானம் ஒன்றே ஆயினும், அதன் கீழுள்ள நாடுகள் பல. ஒவ்வொரு நாடும் தன் வான்வெளிக்கு உரிமை உடையது. பெருவட்ட வில் எந்த நாட்டின் மீது சென்றாலும் அந்நாட்டின் இசைவு வேண்டும். அவ்வழி பாதுகாப்பாகவும் இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பு என்னும் சொல்லின் பொருளை மலேசியர் மறக்க முடியாது. 2014 ஜூலை 17-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனின் மீது ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் மாண்டனர். அவர்களுள் 43 பேர் மலேசியர். அன்று அப்பகுதியில் 32,000 அடிக்குக் கீழே மட்டுமே வான் மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் சென்றது. அன்றைய நாளில் மட்டும் அவ்வான்வெளியைப் பல நிறுவனங்களின் 160 விமானங்கள் பயன்படுத்தின. உக்ரேன் அவ்வான்வெளியை முன்னரே மூடுவதற்குப் போதிய காரணம் இருந்தது என்று 2015-இல் டச்சுப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் கூறிற்று. குறுகிய வழி என்பது சரியான வழி என்று பொருள்படாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

2022 பிப்ரவரியில் போர் பெருகியதும் ரஷ்யா பல ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு முன்பு ஏறத்தாழ 9½ மணி நேரத்தில் சென்ற பின்லாந்து விமானங்கள், அதன்பின் துருவத்தைச் சுற்றி ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்க நேர்ந்தது. நகரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அட்டவணையில் உள்ள தூரமும் மாறவில்லை. மாறியது காலம் ஒன்றே.

துருவ வழிக்கு இயற்கையும் சில தடைகள் வைத்திருக்கிறது. ஜெட் விமானங்களுக்குப் பயன்படும் எரிபொருள் வகையைப் பொறுத்துப் பூச்சியத்திற்குக் கீழே 40 அல்லது 47 பாகை செல்சியசில் உறைய முற்படும். வட துருவத்தை அடுத்த உயர்வானில் அதைவிடக் கடுங்குளிர் நிலவுவது உண்டு. ஆகவே விமானிகள் தொட்டியிலுள்ள எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே செல்வர். இயந்திரத்தில் கோளாறு நேர்ந்தால் இறங்குவதற்கு உரிய விமான நிலையங்களும் அப்பகுதியில் மிகச் சிலவே.

எண்ணெயைச் சுமக்க எண்ணெய்

நெடும்பயணத்தின் பெரும் இடர்ப்பாடு எரிபொருளின் எடை. வழியில் நிரப்ப இடமில்லை என்றால் முழுவதையும் தொடக்கத்திலேயே சுமக்க வேண்டும். பதினெட்டாவது மணியில் எரியப்போகும் எண்ணெயை முதல் பதினேழு மணி நேரம் தூக்கிச் செல்வதற்கே வேறு எண்ணெய் எரிகிறது. கட்டுச்சோறு மிகுதியானால் நடைக்களைப்பும் மிகுதியாகி, அக்களைப்புக்கு மேலும் சோறு தேவைப்படுவதைப் போன்றது இது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க் நகரை அடுத்த நுவார்க் விமான நிலையத்திற்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கிற்று. அதற்குப் பயன்பட்ட ஏர்பஸ் ஏ340-500 நான்கு இயந்திரங்கள் கொண்டது. எரிபொருள் விலை உயர்ந்த காலத்தில் அச்செலவைத் தாங்குவது அரிதாயிற்று. 2013 நவம்பரில் சேவை நின்றது. பின்னர் இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900 வகையின் நெடுந்தூர வடிவம் வந்தது. அதனைக் கொண்டு 2018 அக்டோபரில் நுவார்க் சேவை மீண்டும் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோய், 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்திற்குப் புதிதாகத் தொடங்கிற்று.

இவ்விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். அதன் எடை ஏறத்தாழ 130 டன். விமானம் கிளம்பக்கூடிய உச்ச எடையோ 280 டன். தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய பாதி எடை எண்ணெயே. ஆகவே மற்ற சுமைகளைக் குறைத்தாக வேண்டும். இந்நிறுவனத்தின் சாதாரண நெடுவழி ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள். இந்த வடிவத்தில் 161 மட்டுமே. சிக்கன வகுப்பு இதில் இல்லை. இடைநில்லாப் பயணத்தின் சீட்டு விலை மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழியில் ஓரிடத்தில் இறங்கிச் செல்லும் பயணம் நேரத்தால் நெடியதாயினும், குறைந்த எண்ணெயோடும் மிகுந்த பயணிகளோடும் கிளம்ப இயலும்.

ஒரே விமானி இத்தனை மணி நேரம் விழித்திருத்தல் ஆகாது. ஆகவே நான்கு விமானிகள் சென்று, முறை மாற்றி உறங்கி எழுகின்றனர்.

காலம் நீண்டதே பெரிய சாதனை என்று கொண்டால், இப்புதிய விமானங்கள் முதலிடம் பெறமாட்டா. 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்குக் கான்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா நீர்விமானங்கள் பறந்தன. நேர்த்தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். ஆனால் பயணம் 27 மணி முதல் 30 மணிக்கு மேலும் நீடித்தது. பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிப்பதைக் கண்டனர். இன்று அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குத் தூரம், அதனினும் மிகக் குறைந்த காலத்தில் கடக்கப்படுகிறது.

கடிகாரம் சொல்லும் பொய்

பயணச் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அவ்வவ்வூர்க் கடிகாரப்படி அச்சிடப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பயணக் காலம் என்று கொள்வோர் பலர். அது தவறு.

பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு நாழிகைக்கு 6 பாகை. சாங்கிக்கும் கென்னடிக்கும் இடையிலுள்ள 177 பாகை 46 கலையை மணியாக்கினால் 11 மணி 51 நிமிடம் வரும். கதிரவன் கணக்குப்படி இதுவே இவ்விரு ஊர்களின் நேர வேற்றுமை. ஆனால் நாடுகள் வைத்துக்கொண்ட நேரம் கதிரவனை முற்றும் பின்பற்றுவதில்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் நாள் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அன்று முதல் இங்கே கிரீன்விச் நேரத்திற்கு 8 மணி முந்திய நேரம் வழங்குகிறது. கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி காட்டுகிறது. நியூயார்க்கில் குளிர்காலத்தில் கிரீன்விச்சுக்கு 5 மணி பிந்திய நேரமும், மார்ச் முதல் நவம்பர் தொடக்கம்வரை 4 மணி பிந்திய நேரமும் வழங்குகின்றன. ஆகவே இரு நகரங்களின் வேற்றுமை ஆண்டின் ஒரு பகுதியில் 12 மணி, மற்றொரு பகுதியில் 13 மணி.

இனி ஒரு கணக்கு. கோடையில் ஒருவர் திங்கட்கிழமை அதிகாலை 2 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்புகிறார் என்போம். 18 மணி 40 நிமிடம் கழித்துச் சிங்கப்பூரில் திங்கள் இரவு 8.40. அதிலிருந்து 12 மணியைக் கழிக்க, நியூயார்க்கில் திங்கள் காலை 8.40. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர்க்குப் பயணம் 6 மணி 40 நிமிடமே ஆனதுபோல் தோன்றும். அவரே திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பறந்தால், அங்கே செவ்வாய் மாலை 4.50 ஆகும், சிங்கப்பூரிலோ புதன் அதிகாலை 4.50. அவர் செவ்வாய்க்கிழமையை ஏறத்தாழ முழுவதும் ஆகாயத்திலேயே கழித்துவிடுகிறார்.

இது வெறும் புதிர்க்கணக்கு அன்று. வேளை தவறாமல் மருந்து உண்ணும் முதியவர் ஒருவர் இப்பயணத்தில் கடிகாரத்தை நம்பினால், ஒரு வேளை மருந்தை விட்டுவிடவோ இருமுறை உண்ணவோ நேரும். தாயகத்தில் நெருங்கியவர் இறுதிச்சடங்குக்கு விரைபவர் சேரும் நாளைத் தவறாக எண்ணினால், அது திருத்த முடியாத தவறாகிவிடும். இத்தகையோர்க்குப் பயன்படும் முறை எளிது. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கிரீன்விச் நேரமாக மாற்றிக்கொண்டு, பின் கழிக்க வேண்டும். முதற்கணக்கில் சிங்கப்பூரின் திங்கள் அதிகாலை 2 மணி என்பது கிரீன்விச்சில் ஞாயிறு மாலை 6 மணி. நியூயார்க்கின் திங்கள் காலை 8.40 என்பது கிரீன்விச்சில் திங்கள் பகல் 12.40. இடைப்பட்டது 18 மணி 40 நிமிடம். விடை சரியாக வருகிறது.

ஆசிரியர்கள் இந்த ஒரே பயணத்தைக் கொண்டு பூகோளம், கணக்கு, அறிவியல், வரலாறு ஆகிய நான்கையும் நடத்தலாம். தங்கள் ஊரிலிருந்து மாணவர்களின் உறவினர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, முதலில் நூலால் அளந்து தூரத்தையும், பின் 900-ஆல் வகுத்துப் பறக்கும் காலத்தையும், இறுதியாகக் கிரீன்விச் கணக்கால் சேரும் நேரத்தையும் காணச் செய்யலாம். அதன்பின் உண்மையான அட்டவணையோடு ஒப்பிட்டால் சிறிது வேற்றுமை இருக்கும். அந்த வேற்றுமை காற்றால் வந்ததா, மூடிய வானால் வந்ததா, ஓடுதளத்தில் காத்திருந்ததால் வந்ததா என்று வினவத் தொடங்கும் மாணவன் பாடத்தை உணர்ந்துகொண்டான் எனலாம்.

18 மணி 40 நிமிடம் என்பது ஏறத்தாழ 47 நாழிகை. சிங்கப்பூருக்கு நியூயார்க் இன்று 47 நாழிகை வழி. ஆனால் நடந்து சென்றவனின் நாழிகை வழி அவன் கால்களை மட்டுமே பொறுத்திருந்தது. இந்த 47 நாழிகை, காற்றையும் எண்ணெயையும் நாடுகளுக்கிடையே நிலவும் அமைதியையும் பொறுத்திருக்கிறது.